கார் நிற்கும் தெருவைப் பார்த்துக் காப்பீடு எடுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, காரில் ஏறிச் சாவியைத் திருகியது. இரண்டு முறை இருமிவிட்டு என்ஜின் நின்றுபோனது. மெக்கானிக் அண்ணன் வந்து பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" இரண்டு நாள் கழித்துக் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயரும் அதையேதான் முதலில் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இருக்கைகளுக்கும் தரைவிரிப்புக்கும் மின்கம்பிகளுக்கும் பணம் வந்தது. என்ஜினுக்கு வரவில்லை. மொத்தச் செலவில் பெரும்பகுதி என்ஜினுக்குத்தான் ஆனது.

அப்போது என்னிடம் இருந்தது 'ஃபுல் இன்சூரன்ஸ்'. ஐந்து வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தேன். என்ன கட்டுகிறோம் என்பதை மட்டும் பார்த்தேன், எதற்குக் கட்டுகிறோம் என்பதைப் பார்க்கவில்லை. அதன் பிறகு எங்கள் பகுதியில் யார் புதிதாகக் கார் வாங்கினாலும் பாலிசியை எடுத்து வரச்சொல்லி ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறேன். அந்தப் படிப்பைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பாலிசிக்குள் இருக்கும் இரண்டு பாதிகள்

எந்தக் கார் பாலிசியையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு பாதி, நம் காரால் மற்றவருக்கு நேரும் கேட்டுக்கு. மறு பாதி, நம் காருக்கே நேரும் கேட்டுக்கு. முன்னதன் பெயர் மூன்றாம் நபர் காப்பீடு. ஏஜெண்டுகள் 'தேர்ட் பார்ட்டி' என்பார்கள். ஒப்பந்தத்தில் முதல் ஆள் நீங்கள், இரண்டாம் ஆள் காப்பீட்டு நிறுவனம். இந்த இருவரும் அல்லாமல் சாலையில் போகிறவர் மூன்றாம் ஆள். பின்னது சொந்தச் சேதக் காப்பீடு, ஏஜெண்டுகள் பேச்சில் 'ஓ.டி.' இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம்.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் பாதியை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இல்லாமல் ஓட்டினால் 196ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் பயப்பட வேண்டியது இந்த அபராதத்துக்கு அல்ல. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் குறுக்கே வந்த ஒரு சைக்கிள்காரர் மீது கார் மோதி, அவர் குடும்பத்தின் ஒரே வருமானம் நின்றுபோனால், இழப்பீட்டை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்கிடும். சென்னையில் இந்த வழக்குகளை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. அடிபட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் என எல்லாவற்றையும் பார்த்து வரும் தொகை பல லட்சங்களைத் தொடும். காப்பீடு இல்லாவிட்டால் அது கார் உரிமையாளரின் கையிலிருந்து போக வேண்டும். வீடு இருந்தால் வீடு.

மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையை நிறுவனங்கள் வைப்பதில்லை, மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஆகவே, "எங்களிடம் தேர்ட் பார்ட்டி மலிவு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலை வேறுபடுவது ஓ.டி. பாதியிலும், அதோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் துணைக் காப்பீடுகளிலும்தான். பேரம் பேச வேண்டிய இடமும் அதுவே.

புதுக் கார் என்றால் மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் 2018 செப்டம்பர் 1 முதல் இந்த வழக்கம் வந்தது. ஓ.டி. பாதியை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, விரும்பினால் வேறு நிறுவனத்தில்கூட எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஷோரூமில் கொடுத்த தாளில் மூன்று வருடத் தேதி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முழுக் காப்பீடும் மூன்று வருடத்துக்கு இருப்பதாக நினைத்துவிடுவார்கள். முதல் வருடம் முடிந்ததும் ஓ.டி. பாதி காலாவதியாகியிருக்கும். உங்கள் பாலிசியில் இரண்டு தேதிகள் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். இரண்டையும் இன்றே பாருங்கள்.

காருக்குள் இருப்பவர்கள் யார் கணக்கில்?

மூன்றாம் நபர் காப்பீட்டில் எதிராளியின் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. அவருடைய சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. சில நூறு ரூபாய்கூட மிச்சமாகாத ஒரு தள்ளுபடிக்காக இந்த 7.5 லட்சத்தை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. பாலிசியில் அப்படிக் குறைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஒரு சொகுசுக் காரின் முன்விளக்கே 6,000 ரூபாய்க்குக் கிடைக்காது.

காரின் உரிமையாளர் மூன்றாம் ஆள் அல்ல. அவருக்கென்று 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று கட்டாயமாகச் சேர்கிறது. செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே அதே அளவு விபத்துக் காப்பீடு வேறு இடத்தில் இருந்தாலோ, இன்னொரு வண்டிக்கு இதை எடுத்திருந்தாலோ மறுபடி கட்டத் தேவையில்லை. அதைச் சொன்னால் நீக்கிவிடுவார்கள்; நாமாகச் சொல்லாவிட்டால் கூடவே சேர்ந்து வரும்.

அம்மா, மனைவி, குழந்தைகள் பின்இருக்கையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு? வெறும் மூன்றாம் நபர் பாலிசி, பழைய ஏஜெண்டுகள் 'ஆக்ட் பாலிசி' என்பது மட்டும் இருந்தால், தனியார் காரில் கட்டணமின்றி வரும் பயணிகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதில்லை. முழுக் காப்பீடு இருந்தால் பயணிகளுக்கான இழப்பீட்டுப் பொறுப்பும் அதில் அடங்குகிறது. குடும்பத்தோடு மாதம் ஒரு முறை திருத்தணியோ திருப்பதியோ போகிறவர்கள், காரின் விலை குறைவு என்பதற்காக ஆக்ட் பாலிசியோடு நிற்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்று ஓர் ஆணை பிறப்பித்தது. அடுத்த மாதமே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அதைக் காட்டிக் கட்டாயம் என்று யாராவது விற்றால், கட்டாயம் அல்ல என்று சொல்லுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அது என்ன என்பதையும் சேர்த்துப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம்

பாலிசி ஒப்பிடும் இணையதளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். இரவில் கார் எங்கே நிற்கிறது? கடந்த பத்து வருடத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? தினமும் எந்தச் சாலை வழியாகப் போகிறீர்கள்?

வடசென்னையில் இந்தக் கேள்விகளுக்குத் தெருவுக்குத் தெரு விடை மாறும். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக மணலி புதுநகர் பக்கம் தண்ணீர் ஏறும். புழல் உபரிநீர் வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் வழியாக எண்ணூர் நோக்கிப் போகிறது. புளியந்தோப்பு, பட்டாளம் மக்களுக்கு ஆபத்து 'ஓட்டேரி நல்லா' என்னும் கால்வாய். வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் கேப்டன் காட்டன் கால்வாய். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு நிரம்புவதை இந்தப் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். மாடியில் கார் நிறுத்தும் அடுக்ககத்தில் நீங்கள் இருந்தாலும், அலுவலகம் போகும் வழியில் அந்தச் சுரங்கப்பாதை இருந்தால் உங்கள் காருக்கும் தண்ணீர் ஆபத்து இருக்கிறது.

முழுக் காப்பீட்டின் ஓ.டி. பாதியில் வெள்ளம், புயல், தீ, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், மரம் விழுவது எல்லாம் அடக்கம். வர்தா புயலில் மரம் சாய்ந்து நசுங்கிய கார்களுக்கு இந்தப் பாதிதான் பணம் கொடுத்தது. அப்படியானால் என் என்ஜினுக்கு ஏன் வரவில்லை? தண்ணீர் புகுந்த நிலையில் என்ஜினை இயக்கினால், சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைகிறது, சில வேளை உடைகிறது. இதை நிறுவனங்கள் வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் என்று ஏற்பதில்லை. வண்டியை இயக்கியதால் பின்விளைவாக வந்த சேதம் என்று பிரிக்கின்றன. பின்விளைவுச் சேதம் அடிப்படைப் பாலிசியில் விலக்கப்பட்டது. அதை உள்ளே கொண்டுவருவதற்கென்றே 'என்ஜின் பாதுகாப்பு' என்ற துணைக் காப்பீடு தனியாக விற்கப்படுகிறது.

மேலே சொன்ன பகுதிகளில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: மற்ற துணைக் காப்பீடுகள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். அம்பத்தூர் மேட்டில் இருக்கும் என் மாமாவுக்கு இது தேவையில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். பாலிசி ஒன்றாக இருக்க முடியாது.

துணைக் காப்பீட்டைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும்தான் சேர்க்க முடியும். வானிலை மையம் புயல் எச்சரிக்கை விட்ட பிறகு நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. உங்கள் பாலிசி ஜனவரியில் புதுப்பிக்கப்படுவதாக இருந்தால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கான முடிவை ஜனவரியிலேயே எடுக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உப்புக்காற்றில் கதவின் அடிப்பகுதி துருப்பிடிப்பது தேய்மானம். எந்தப் பாலிசியும் அதற்குப் பணம் தராது. வருடம் ஒரு முறை அடிப்பகுதிக்குப் பூச்சு அடிப்பதுதான் வழி. 2023 வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்ததே, அது தேய்மானம் அல்ல, வெள்ளச் சேதம். இரண்டையும் கிளைம் படிவத்தில் கலந்து எழுதிவிடாதீர்கள்.

கன்டெய்னர் லாரியும் பிளாஸ்டிக் பம்பரும்

அடுத்த ஆபத்து லாரி. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, மாதவரம் சாலைகளிலும் வரிசைகட்டி நிற்கும். ஒடுங்கிய இடைவெளியில் நுழையும் கார் எப்படியும் வருடத்தில் இரண்டு உரசல் வாங்கும். தவறு லாரிக்காரருடையது என்றாலும், அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து பணம் பெறத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். ஒரு பம்பருக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே நம் ஓ.டி. பாதியில்தான் கை வைக்கிறோம்.

அங்கே எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாற்றிய பம்பர் 8,000 ரூபாய், கூலி 1,500, பெயிண்டிங் 3,000. மொத்தம் 12,500. அடிப்படைப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். ஃபைபர் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகத்துக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும். ஆகவே பம்பருக்கு 4,000 தான். பெயிண்டிங் பில்லில் கால்பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பதால் 2,625. கூலி முழுதாக 1,500. கூட்டினால் 8,125. இதிலிருந்து கட்டாயக் கழிவு ஒன்று உண்டு, ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை அது: 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கடைசியில் கைக்கு வருவது 7,125 ரூபாய்.

இந்தத் தேய்மானக் கழிவை நீக்குவதுதான் 'ஜீரோ டெப்' என்கிற துணைக் காப்பீடு. பம்பர் டு பம்பர் என்பதும் அதுவே. அது இருந்தால் மேலே சொன்ன பில்லில் கட்டாயக் கழிவு போக மற்றது வரும். பெரும்பாலும் ஐந்து வயது வரையிலான கார்களுக்குத் தருகிறார்கள், சில நிறுவனங்கள் அதற்கு மேலும் தருகின்றன. வருடத்துக்கு இரண்டு கிளைம்தான் என்ற வரம்பு பல பாலிசிகளில் உண்டு. புதிய காருக்கும், ஓட்டிப் பழகாத கைகளுக்கும் இது நல்லது. நட்டு, போல்ட், ஆயில், கூலன்ட் போன்றவற்றுக்கான 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்பது விலை குறைவு. வெள்ளத்துக்குப் பின் எல்லா எண்ணெயையும் மாற்ற வேண்டி வரும் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்கும் பயன் இருக்கிறது. சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று நீளும் மற்ற துணைக் காப்பீடுகளை நான் எடுப்பதில்லை.

கிளைம் செய்யாமல் இருப்பதன் விலை

மேலே சொன்ன 7,125 ரூபாயை வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். கிளைம் இல்லாமல் ஒரு வருடம் கடந்தால் அடுத்த ஆண்டு ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டு வருடத்துக்கு 25, பிறகு 35, 45, ஐந்தாவது வருடத்துக்கு 50. இதுதான் நோ கிளைம் போனஸ். ஒரு கிளைம் செய்தால் மறுபடி சுழியத்திலிருந்து.

உங்கள் ஓ.டி. பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும் இப்போது 35 சதவீதப் படியில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கிளைம் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் குறைந்திருக்கும். கிளைம் செய்தால் அது போயிற்று. அதற்கடுத்த ஆண்டு 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20 தான், 2,400 நட்டம். பிறகு 25, அங்கே 2,000. பிறகு 35, அங்கே 1,200. பிறகு 45, அங்கே 400. கூட்டினால் 9,600 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் 7,125 ரூபாய்க்காகக் கிளைம் செய்வதில் மிச்சம் எதுவும் இல்லை. சிறிய உரசலைக் கைக்காசில் சரிசெய்துவிட்டு, கதவு நசுங்கியது, சேசிஸ் வளைந்தது போன்ற பெரிய சேதத்துக்குக் காப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போனஸ் காருக்குச் சொந்தம் அல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால் சான்று வாங்கிப் புதிய காருக்கு மாற்றலாம். ஆனால் பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் கரைந்துவிடும். முந்தைய ஆண்டு கிளைம் செய்துவிட்டு, இல்லை என்று எழுதிப் போனஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிளைமின்போது பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள். அன்று கிளைமே போய்விடும்.

ஐ.டி.வி. என்னும் எண்

ஐ.டி.வி. என்பது 'இன்ஷூர்டு டிக்ளேர்டு வேல்யூ' என்பதன் சுருக்கம். கார் திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை இது. நிறுவனம் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் விலையிலிருந்து, ஆறு மாதம் வரை 5 சதவீதமும், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதமும் கழிப்பார்கள். அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவுசெய்வது. பழுதுபார்க்கும் செலவு இந்த எண்ணின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிடுகிறார்கள்.

பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக இணையத்தில் ஐ.டி.வி.யை ஆக அடியில் வைத்திருப்பார்கள். இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது முதலில் இரண்டிலும் இந்த எண்ணைச் சமமாக்குங்கள். அப்போதுதான் எது மலிவு என்பது தெரியும். புதுக் காருக்கு, சாலை வரி உட்பட வாங்கிய விலையையே திருப்பித் தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற துணைக் காப்பீடு உண்டு. தெருவில்தான் கார் நிற்கிறது, வங்கிக் கடனும் இருக்கிறது என்றால் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு எடுக்கலாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதான கார் வைத்திருப்பவருக்கு? புதுப்பேட்டையில் உதிரிபாகம் கிடைக்கும், தெரிந்த டிங்கரிங் கடை இருக்கிறது, காருக்கு இன்று ஒன்றரை லட்சம்கூட வராது என்றால் ஓ.டி. பாதியை விடுவதில் தவறில்லை. பின்இருக்கையைப் பற்றி முன்பே சொன்னதை மட்டும் யோசித்துவிட்டு விடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

எங்கள் பகுதியில் முதல் கார் என்றால் பெரும்பாலும் பழைய கார்தான். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றின் பெயர் மாற்றத்தில் காட்டும் அக்கறையைப் பாலிசியில் பலர் காட்டுவதில்லை. கார் கை மாறினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் பாதி தானாக உங்களைத் தொடரும், ஓ.டி. பாதி தொடராது. பழைய உரிமையாளரின் பெயரிலேயே பாலிசியை விட்டுவிட்டு, மழையில் கார் மூழ்கியதும் கிளைம் கேட்டால் உங்களுக்கும் கிடைக்காது, அவருக்கும் கிடைக்காது. அவருடைய போனஸ் உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டித்தான் மாற்ற வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுக் காப்பீடு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். பாலிசித் தாளில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். காலாவதியாகியிருந்தால் புதிய பாலிசிக்கு முன் காரைப் புகைப்படமோ வீடியோவோ எடுத்து ஆய்வு செய்வார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டக்கூடாது. தெரிந்தவர்களை விமான நிலையத்தில் விட்டுக் காசு வாங்கினாலும் அது வாடகைதான். அந்தப் பயணத்தில் விபத்து நடந்தால் கிளைம் மறுக்கப்படும்.

தண்ணீர் வந்த காலையில்

ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக்கூட ஸ்டார்ட் செய்யக்கூடாது. முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது தெரியும்படி, பதிவெண்ணும் தெரிய, நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுங்கள். தண்ணீர் வடிந்த கறை கதவில் இருக்கும். துடைப்பதற்கு முன் அதையும் எடுங்கள். நிறுவனத்தை உடனே அழைத்துக் கிளைம் எண் வாங்குங்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப் கொண்டுபோக வேண்டும், சாலையோர உதவித் துணைக் காப்பீடு இருந்தால் அவர்களே அனுப்புவார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் பணத்தை அவர்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள், நாம் கழிவுத் தொகையை மட்டும் கட்டினால் போதும். மாதவரம், கொளத்தூர் பக்கம் அப்படி எது இருக்கிறது என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்ற விடாதீர்கள்.

விபத்தில் யாருக்காவது காயம் என்றால் முதலில் மருத்துவமனை, பிறகு காவல் நிலையம், பிறகுதான் காப்பீட்டு நிறுவனம். திருட்டு என்றால் உடனே புகார் கொடுங்கள். காவல் நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், நிறுவனத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள் என்பதால் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பது இப்போதே தெரிந்திருக்கட்டும்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசியின் நகல், சர்வேயர் அறிக்கை, மறுப்புக் கடிதம், நீங்கள் எடுத்த படங்கள், இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.